பாஸ்டரைக் கேள்வி கேட்கலாமா?

ஆபீஸ் கேப்ல போய்ட்டு இருக்கீங்களோ, மெட்ரோல நின்னுட்டு இருக்கீங்களோ, பாத்திரம் கழுவிட்டே கேக்குறீங்களோ, வந்ததுக்கு நன்றி. பைக் ஓட்டிட்டே கேக்குறவங்க மட்டும் தயவுசெஞ்சு வண்டியை நிறுத்திட்டு வாங்க.

போன மாசம் ஒரு தங்கச்சி பெங்களூர்ல இருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அவங்க போற ஜெபக் குழுவுக்கு ஒரு பிரதர் வந்து பேசுறாராம். "அண்ணா, அவர் சொல்றதுல ஏதோ இடிக்குது. ஆனா என்னன்னு சரியா சொல்லத் தெரியல. ஒருதடவை கேட்டுப் பாத்தேன். உனக்குள்ள கலகத்தின் ஆவி இருக்குன்னு சொல்லிட்டாங்க. நான் பண்ணது தப்பா?" அப்படின்னு கேட்டிருந்தாங்க.

அதை நான் மூணு தடவை திரும்பக் கேட்டேன். ஏன்னா எங்க வீட்லயே இது நடந்திருக்கு.

பாளையங்கோட்டைல எங்க அத்தை இருக்காங்க. அப்பாவோட அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவங்க, சண்டே ஸ்கூலுக்குக் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போனவங்க. சில வருஷத்துக்கு முன்னாடி அவங்க பையனுக்கு ரெண்டு வருஷமா வேலை இல்ல, வெளிநாட்டு விசாவுக்கு அலைஞ்சிட்டு இருந்தான். அப்ப டிவில ஒரு ஊழியக்காரர் விதைக் காணிக்கை பத்திப் பேசுறதை அத்தை தினமும் காலைல பாப்பாங்க. ஒருநாள் திரையில வந்த நம்பருக்கு போன் பண்ணியிருக்காங்க. எடுத்தவர் நல்லா ஜெபிச்சிருக்கார். ஜெபிச்சிட்டு, "அம்மா, கொடுக்க எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கோ, அதைக் கொடுங்க. அங்கதான் அற்புதம் இருக்கு" அப்படின்னு சொல்லியிருக்கார். அத்தை ரெண்டரைப் பவுன் செயினை அடகு வெச்சுப் பணத்தை அனுப்பிட்டாங்க. வீட்ல யாருக்கும் தெரியாது.

விசா வரல. மறுபடி போன் பண்ணப்ப, "உங்க விசுவாசத்துல ஏதோ குறை இருக்கு, உங்களையே ஆராஞ்சு பாருங்க" அப்படின்னு பதில் வந்துச்சு.

விஷயம் தெரிஞ்சு நான் கொதிச்சுப் போய் ஊருக்குப் போனேன். "யாரு அத்தை அந்த ஆளு, நம்பர் குடுங்க" அப்படின்னு கத்துனேன். அத்தை என் வாயைப் பொத்தாத குறை. "எய்யா, அபிஷேகம் பெற்ற ஊழியக்காரரைப் பத்தி அப்படிப் பேசப்படாது. சாபம் வந்துரும்"னு சொன்னாங்க. நான் வாயடைச்சுப் போய்ட்டேன். பதில் தெரியல எனக்கு. இத்தனை வருஷம் சபைக்குப் போறவன், யூத் மீட்டிங் எல்லாம் நடத்துனவன், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தெரியாம நின்னேன்.

அதனால இன்னைக்கு அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஊழியக்காரரைத் தொடாதேன்னு சொல்ற எல்லாரும் எடுத்துக்காட்டுறது 105-ஆம் சங்கீதம். வீட்டுக்குப் போய் அந்தப் பகுதியை முழுசா வாசிங்க. அது யாரைப் பத்தினது? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பத்தி. எண்ணிக்கைல ரொம்பக் கொஞ்சம் பேரு, சொந்தமா நிலம் இல்லாம ஒவ்வொரு தேசமா அலைஞ்ச குடும்பம். அவங்களை ஒடுக்கக் கூடாதுன்னு தேவன் எச்சரிச்சது யாரை? ராஜாக்களை. அதாவது அதிகாரத்துல இருக்கிறவன் கையில இருந்து ஆதரவில்லாதவங்களைக் காப்பாத்தின வார்த்தை அது. இன்னைக்கு அதை எப்படி யூஸ் பண்றாங்க பாருங்க. மேடையும் டிவி சேனலும் வெச்சிருக்கிறவர், செயினை அடகு வெச்ச ஒரு அம்மாவைப் பாத்து அந்த வசனத்தைச் சொல்றார். அப்படியே தலைகீழ்.

தாவீது சவுல் மேல கை வைக்கலைன்னும் சொல்வாங்க. உண்மைதான், வைக்கல. கொல்ல வாய்ப்பு கிடைச்சும் கொல்லல. ஆனா அதே 1 சாமுவேல் 24-ல அடுத்து என்ன நடக்குது? தாவீது குகையை விட்டு வெளிய வந்து, சவுலோட மூவாயிரம் ஆளுங்க நிக்கிற இடத்துல, சத்தமா கூப்பிட்டு, நீர் பண்றது அநியாயம்னு வெளிப்படையாவே பேசுறார். கொல்லாம இருக்கிறது வேற, பேசாம இருக்கிறது வேற. அப்புறம் அதே தாவீது ராஜாவானப்போ, நாத்தான் நேரா அரண்மனைக்கே போய் அவர் பாவத்தைச் சுட்டிக் காட்டினார். தாவீதும் அபிஷேகம் பெற்றவர்தானே? நாத்தானை யாரும் கலகக்காரன்னு சொல்லல. பவுல் அந்தியோகியாவில பேதுருவை எல்லார் முன்னாடியும் கண்டிச்சார், கலாத்தியர் ரெண்டாம் அதிகாரம். பேதுருவையே கேக்கலாம்னா, போன் எடுத்து ஜெபிச்ச ஆளைக் கேக்கக் கூடாதா?

பெரேயா பட்டணத்து ஆளுங்களை உங்களுக்குத் தெரியும். அப்போஸ்தலர் 17. பவுல் பிரசங்கம் பண்றார், இவங்க தினமும் வேதத்தைத் திறந்து வெச்சு, இவர் சொல்றது சரியான்னு பாக்குறாங்க. சோதிக்கப்பட்டவர் பவுல்! அதுக்காக அவங்களைப் பெருந்தன்மை உள்ளவங்கன்னுதான் லூக்கா எழுதுறார். அதனால பெங்களூர் தங்கச்சிக்கு முதல் பதில்: நீங்க பண்ணது கலகம் இல்லம்மா. நீங்க பண்ணது பெரேயா.

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். இதைக் கேட்டுட்டு நாளைக்கே உங்க பாஸ்டர் பிரசங்கத்துல நாலு தப்பு கண்டுபிடிச்சு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டு, "கள்ளப் போதகர்"னு எழுதிடாதீங்க. தப்பா போதிக்கிறவங்க எல்லாரும் கள்ளப் போதகர் இல்ல. அப்போஸ்தலர் 18-ல அப்பொல்லோன்னு ஒருத்தர் வர்றார். பெரிய பேச்சாளர், வேதத்துல கெட்டிக்காரர். ஆனா அவருக்கு யோவானோட ஞானஸ்நானம் வரைக்கும்தான் தெரியும். அரைகுறையாத்தான் போதிக்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், கூடாரம் தைக்கிற ஒரு தம்பதி, அவரைத் தனியா கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் குடுக்கிறாங்க. அப்புறம் அவர் கொரிந்து சபைக்கே பெரிய உதவியா இருந்தார்னு வாசிக்கிறோம். ஊரெல்லாம் பேர் வாங்கின பிரசங்கியார், மேடையே ஏறாத ஒரு அக்காவும் அண்ணனும் சொன்னதைக் கேட்டுத் திருந்தியிருக்கார்.

எனக்கு ஒருத்தரைப் பத்திச் சந்தேகம் வந்தா முதல்ல இதைத்தான் பாப்பேன். இவர் யார் சொன்னா கேப்பார்? மனைவி, மூப்பர்கள், அக்கவுண்ட்ஸ் பாக்குறவர், யாராவது ஒருத்தர் "ஐயா, இது சரியில்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த ஞாயிறும் அதே சபைல உக்கார முடியுமா? முடியும்னா, அந்த ஊழியருக்குக் கொஞ்சம் அரைகுறை இருந்தாலும் பயமில்ல. முடியாதுன்னா, அவர் பேசுறது நூத்துக்கு நூறு சரியா இருந்தாலும் எனக்குப் பயம்.

இந்த இடத்துல எல்லாப் பிரசங்கத்துலயும் வர்ற கள்ள நோட்டு உதாரணம் உங்களுக்கு ஞாபகம் வரும். "பேங்க்ல வேலை செய்றவங்களுக்கு நல்ல நோட்டை மட்டும்தான் காட்டிப் பழக்குவாங்க, அப்பதான் கள்ள நோட்டு கைக்கு வந்தவுடனே தெரியும்." நானும் இதைப் பத்துத் தடவை மேடையில சொல்லியிருக்கேன். எங்க சித்தப்பா பொண்ணு ஒரு பேங்க்ல கேஷியர். அவகிட்ட சொன்னேன், சிரிச்சிட்டா. "யாரு உனக்குச் சொன்னா? எங்களுக்குக் கள்ள நோட்டு எப்படியெல்லாம் இருக்கும்னும் சொல்லித் தருவாங்க, மெஷினும் இருக்கு." அப்புறம் அவ சொன்ன ரெண்டு விஷயம்தான் எனக்குப் பெரிய பிரசங்கமா போச்சு.

ஒண்ணு, கள்ள நோட்டுன்னு தெரிஞ்சா அதைக் கொண்டு வந்தவங்ககிட்ட திருப்பிக் குடுக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி விதி அது. முத்திரை குத்திப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ரசீதுதான் குடுக்கணும். திருப்பிக் குடுத்தா அது இன்னொருத்தர் கைக்குப் போகும். நம்ம என்ன பண்றோம்? தப்புன்னு தெரிஞ்சும், "எதுக்கு வம்பு"ன்னு அந்த வீடியோவை அப்படியே விட்டுடுறோம். அடுத்த வீட்டு அம்மா அதைப் பாக்குறாங்க.

இன்னொண்ணு, ஒரே தடவைல நாலு நோட்டு வரைக்கும் வந்தா, கொண்டு வந்தவர் மேல உடனே எஃப்ஐஆர் போட மாட்டாங்க. மாசக் கடைசில மொத்தமா போலீசுக்கு ரிப்போர்ட் மட்டும் போகும். ஏன்னா பெரும்பாலும் அவரும் ஏமாந்தவர்தான். காய்கறிக் கடைல சில்லறையா வாங்கியிருப்பார். எங்க அத்தையும் அந்த ஊழியரோட வீடியோவை இருபது பேருக்கு அனுப்பியிருப்பாங்க. நான் அன்னைக்குக் கத்துனது அத்தைகிட்ட. அச்சடிச்சவன்கிட்ட இல்ல. யூதா எழுதின நிருபம் முழுக்கக் கள்ளப் போதகர்களைப் பத்தி நெருப்பா எழுதியிருக்கும். ஆனா அதே நிருபத்தோட கடைசியில, சந்தேகத்துல தடுமாறுறவங்ககிட்ட இரக்கமா இருங்கன்னு சொல்றார். அதை நான் அப்ப வாசிக்கல.

சரி, அற்புதம்? "அவர் என் பேரைச் சொன்னார் பிரதர், என் தெருப் பேரைச் சொன்னார். தேவன் வெளிப்படுத்தாம எப்படித் தெரியும்?"

1986-ல அமெரிக்காவில பீட்டர் போப்பாஃப்னு ஒரு சுகமளிக்கும் ஊழியர். கூட்டத்துல இருக்கிறவங்களோட பேர், விலாசம், வியாதி எல்லாம் சொல்லிக் கூப்பிடுவார். ஜேம்ஸ் ராண்டின்னு ஒரு மேஜிக் கலைஞரும் அவர் கூட்டாளிகளும் ரேடியோ ஸ்கேனரோட கூட்டத்துக்குப் போனாங்க. 39.17 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு பெண் குரல் கேட்டுச்சு. அது அவர் மனைவி. கூட்டத்துக்கு முன்னாடி ஜனங்க எழுதிக் குடுத்த ஜெபக் குறிப்புகளைப் பாத்து, அவர் காதுல இருந்த சின்னக் கருவிக்குச் சொல்லிட்டே இருந்தாங்க. அந்த ஒலிப்பதிவு நாடே பாக்குற டிவி நிகழ்ச்சியில போட்டுக் காட்டப்பட்டுச்சு. அடுத்த வருஷம் அவர் திவால் அறிவிச்சார். அதோட முடியல. சில வருஷம் கழிச்சு மறுபடி டிவில வந்தார், இந்தத் தடவை சின்னப் பாக்கெட்ல அற்புதத் தண்ணி. மறுபடியும் கூட்டம் வந்துச்சு.

இன்னைக்குக் காதுல கருவிகூட வேணாம். கூட்டத்துக்கு வர கூகுள் ஃபார்ம் நிரப்புறோம். பேர், ஊர், ஜெபக் குறிப்பு, எல்லாம் நம்மளே எழுதிக் குடுக்குறோம். மீதி இன்ஸ்டால இருக்கு. எல்லாருமே இப்படித்தான்னு நான் சொல்லல, தேவன் இன்னைக்கும் பேசுறார்னு நம்புறவன்தான் நான். ஆனா உபாகமம் 13 வாசிச்சிருக்கீங்களா? ஒருத்தன் சொன்ன அடையாளம் உண்மையாவே நடந்தாலும், அவன் உங்களை வேற பக்கம் இழுத்தா கேக்காதீங்கன்னு அங்க இருக்கு. மத்தேயு 7-ல இயேசு ஒரு படி மேல போறார். அவர் பேர்ல தீர்க்கதரிசனம் சொல்லி, பிசாசு துரத்தி, அற்புதம் பண்ணின ஆளுங்களையே எனக்குத் தெரியாதுன்னு சொல்வாராம். அற்புதத்தை ஆதாரமா எடுத்துக்க வேதமே ஒத்துக்கல.

பணத்துக்கு வர்றேன். முதல் நூற்றாண்டு கடைசியிலயோ, ரெண்டாம் நூற்றாண்டு ஆரம்பத்திலயோ எழுதப்பட்ட ஒரு சின்னக் கையேடு இருக்கு. பேரு திதகே. பல நூற்றாண்டு தொலைஞ்சு கிடந்துச்சு. 1873-ல கான்ஸ்டாண்டிநோபிள்ல ஒரு பழைய நூலகத்துல ஒரு கிரேக்க சபைத் தலைவர் கண்டெடுத்தார், பத்து வருஷம் கழிச்சு அச்சாச்சு. அது வேதாகமத்துல சேர்ந்தது இல்ல. ஆனா ஆரம்பகாலச் சபை, ஊர் ஊரா வர்ற பிரசங்கிகளை எப்படிச் சமாளிச்சாங்கன்னு அதுல தெரியும். அப்பவும் இதே பிரச்சினை! யாரு உண்மை, யாரு டூப்புன்னு தெரியல.

அதுல இருக்கிற அளவுகோல்களைக் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. பெரிய இறையியல் எல்லாம் இல்ல. வந்தவர் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டா ரெண்டு நாள். மூணாவது நாளும் உக்காந்திருந்தா அவர் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த ஊர் வரைக்கும் ரொட்டி குடுங்க. காசு கேட்டாரா, கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில நிறைஞ்சு ஒரு விருந்துக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டு, அதுல அவரே உக்காந்து சாப்பிட்டா, கள்ளத் தீர்க்கதரிசி. எனக்கு இதுல சிரிப்பு வந்துடுச்சு, எவ்வளவு பட்டிருந்தா இப்படி எழுதியிருப்பாங்க!

ஆனா ஒண்ணு சேத்து எழுதியிருக்காங்க. அவர் தனக்குக் கேக்காம, இல்லாதவங்களுக்குக் குடுங்கன்னு கேட்டா, அவரைக் குறை சொல்லாதீங்க. அந்தப் பகுதி முழுக்க ஒரே கேள்விதான் ஓடுது. பணம் எந்தப் பக்கம் போகுது? ஊழியர்கிட்ட இருந்து ஏழைக்கா, ஏழைகிட்ட இருந்து ஊழியருக்கா? கிறிஸ்துவை வெச்சு வியாபாரம் பண்றவன்னு அர்த்தம் வர்ற ஒரே ஒரு கிரேக்க வார்த்தையையும் அதுல பயன்படுத்தியிருக்காங்க. அப்பவே அதுக்குன்னு ஒரு வார்த்தை தேவைப்பட்டிருக்கு.

இப்ப கஷ்டமான பகுதி. இதுவரைக்கும் சொன்னது எல்லாம், நம்ம மாதிரி நாலு புஸ்தகம் படிக்கிற, இங்கிலீஷ்ல பாட்காஸ்ட் கேக்குற ஆளுங்களுக்கு ஈஸி. "நாங்கெல்லாம் அந்த விதைக் காணிக்கைப் பிரசங்கத்துக்கு ஏமாற மாட்டோம்"னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை இருக்கும். எனக்கு இருந்துச்சு. எனக்கு அது உடைஞ்சது 2021 பிப்ரவரியில.

ரவி சகரியாஸ். 1946-ல நம்ம மெட்ராஸ்ல பிறந்தவர். டெல்லியில வளர்ந்து, கனடா போய், 1984-ல தன் பேர்லயே ஒரு ஊழிய நிறுவனம் ஆரம்பிச்சு, உலகம் முழுக்க யுனிவர்சிட்டிகள்ல பேசினவர். நாத்திகர்கள் கேக்குற கேள்விக்கு அமைதியா, அழகா பதில் சொல்வார். காலேஜ்ல என் விசுவாசம் ஆட்டம் கண்டப்போ என்னைத் தாங்கிப் பிடிச்சது அவரோட பேச்சுதான். ஹாஸ்டல்ல லேப்டாப்பைச் சுத்தி அஞ்சாறு பேர் உக்காந்து கேப்போம். நம்ம ஊர்க்காரர்னு ஒரு கெத்து வேற. 2020 மே மாசம் அவர் இறந்தப்போ நான் அழுதேன், ஸ்டேட்டஸ் போட்டேன்.

ஒன்பது மாசத்துல, அவர் நிறுவனமே அமர்த்தின ஒரு சட்ட நிறுவனத்தோட விசாரணை அறிக்கை வந்துச்சு. அவருக்குப் பங்கு இருந்த மசாஜ் நிலையங்கள்ல வேலை பாத்த பெண்கள்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் பல வருஷமா பாலியல் ரீதியா தவறா நடந்திருக்கார்னு அந்த அறிக்கை சொல்லுது. தேவையில் இருக்கிறவங்களுக்குன்னு வெச்சிருந்த நிதியில இருந்து சிலருக்குப் பணம் போயிருக்கு. அதுல ஒரு பெண் சொன்னதை என்னால மறக்க முடியல. அவர் அந்தப் பெண்ணை எச்சரிச்சாராம்: நீ வெளிய பேசினா லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழந்துடும், அதுக்கு நீதான் பொறுப்பு.

எங்க அத்தை சொன்ன வாக்கியம் ஞாபகம் வருதா? சாபம் வந்துரும்னு சொன்னாங்களே. ஒண்ணு பாளையங்கோட்டைத் தமிழ், இன்னொண்ணு அமெரிக்க இங்கிலீஷ். ரெண்டும் ஒரே பூட்டு.

அவர் பேசினதுல தப்பு இருந்துச்சா? உபதேசத்துல பெருசா எதுவும் இல்ல. அதுதான் என்னைக் குழப்புச்சு. நான் அவ்வளவு நாள் கள்ளப் போதகர்னா கள்ள உபதேசம்னு மட்டுமே நினைச்சிருந்தேன். ஆனா 2 பேதுரு ரெண்டாம் அதிகாரத்தைப் பாருங்க. கேடான வேதப்புரட்டுன்னு ஆரம்பிக்கிறவர், அந்த அதிகாரத்துல மிச்சத்தைப் பெரும்பாலும் எதுக்குச் செலவு பண்றார்? பேராசை, காமம், அதிகாரத்தை மதிக்காத திமிர், பலவீனமான ஆத்துமாக்களைத் தந்திரமா பிடிக்கிறது. இயேசுவும் பிரசங்கத்தைப் பாருங்கன்னு சொல்லல, கனியைப் பாருங்கன்னார்.

அப்ப அறிகுறியே இல்லையா? இருந்துச்சு, அதுதான் வேதனை. 2017-ல ஒரு பெண் வெளிப்படையா புகார் சொன்னாங்க. நிறுவனம் அவர் பக்கம் நின்னுச்சு. அவர் பேருக்கு முன்னாடி இருந்த டாக்டர் பட்டம் கௌரவப் பட்டம்தான்னு அப்பவே கேள்வி வந்துச்சு. (நம்ம ஊர்ல சபை போஸ்டர் ஒட்டின சுவரைப் பாத்தா எல்லாருமே டாக்டர்தான், அதை வேற ஒரு எபிசோட்ல வெச்சுக்கலாம்.) நிறுவனத்துக்குள்ளயே கேள்வி கேட்ட ஊழியர்கள் ஒதுக்கப்பட்டாங்க. அறிக்கை வந்த பிறகு நிர்வாகக் குழு, அந்தப் பெண்ணை நம்பாம போனது தப்புன்னு மன்னிப்புக் கேட்டுச்சு. நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் அந்தப் பெண் பொய் சொல்றாங்கன்னு நானும் நம்பினேன். யாருகிட்டயும் சண்டை போடல, ஆனா நம்பினேன். ஏன்னா அவர் பேச்சு எனக்குத் தேவைப்பட்டுச்சு.

எரேமியா 28-ல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வர்றான். எருசலேம் ஆலயத்துல, எல்லாரும் பாக்க, எரேமியா கழுத்துல இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ரெண்டே வருஷம், பாபிலோன் கதை முடிஞ்சது, கொண்டு போன ஆலயச் சாமான் எல்லாம் திரும்ப வருதுன்னு சொல்றான். ஜனங்க கேக்க ஆசைப்பட்டது அதுதான். எரேமியா என்ன பண்றார்னு நினைக்கிறீங்க? ஆமென்னு சொல்றார்! அப்படியே நடக்கட்டும்னு சொல்றார். அப்புறம், சமாதானம் வரும்னு சொல்றவனோட வார்த்தை நடக்கும்போதுதான் அவனை அனுப்பினது யாருன்னு தெரியும்னு சொல்லிட்டு, தன் வழியே போயிடுறார். அந்த இடத்துலயே சண்டை போடல. அதுக்குப் பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை அவருக்கு வருது, அப்ப திரும்பி வந்து, கர்த்தர் உன்னை அனுப்பலன்னு நேருக்கு நேர் சொல்றார். அடுத்த அதிகாரத்துல, பாபிலோன்ல இருக்கிறவங்களுக்குக் கடிதம் எழுதுறார். வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, எழுபது வருஷம் ஆகும்னு. யாருக்கும் பிடிக்காத கடிதம்.

அதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது, எனக்கு ரொம்பப் பிடிச்சதைச் சொல்ற ஆளைத்தான் நான் ரொம்ப நிதானமா பாக்கணும். அத்தைக்கு விசா வேணும், எனக்கு நாத்திகனுக்குப் பதில் வேணும். ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு அனனியா.

இப்ப பெங்களூர் தங்கச்சிக்கு. அந்தப் பிரதரை நேரா போய்க் கேளுங்க, தனியா வேணாம், ஒரு பெரியவரையோ தோழியையோ கூட்டிட்டுப் போங்க. "நீங்க சொன்ன இது எந்தப் பகுதியில இருக்கு, எனக்கு விளக்குங்க"ன்னு கேளுங்க. உண்மையா கேளுங்க, அவர் அப்பொல்லோவா இருக்க வாய்ப்பு இருக்கு. அவர் வேதத்தைத் திறந்தா உக்காந்து பேசுங்க. வேதத்தைத் திறக்காம உங்க ஆவியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, எழுந்து வந்துடுங்க. அவர் எந்தச் சபைக்குப் பொறுப்பு, கணக்கை யார் பாக்குறாங்க, இதையும் கேளுங்க. நல்ல ஊழியருக்கு இந்தக் கேள்வி கோபம் வராது, நிம்மதியா இருக்கும். ஒரு மூப்பர் மேல குற்றச்சாட்டுன்னா ரெண்டு மூணு சாட்சி வேணும்னு 1 தீமோத்தேயு 5 சொல்லுது, அதையும் மதிங்க, வதந்தியைப் பரப்பாதீங்க. அதுக்காகப் பாதிக்கப்பட்டவங்க சாட்சியோட வர்ற வரைக்கும் வாயைப் பொத்துங்கன்னு அர்த்தம் இல்ல. அடுத்த வசனத்துலயே, பாவம் பண்ணினவங்களை எல்லார் முன்னாடியும் கண்டிக்கச் சொல்லியிருக்கு.

இன்னொண்ணு, இதைத் தயங்காம சொல்றேன். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா அது சபைக் கமிட்டி விஷயம் இல்ல. 2012-ல வந்த போக்சோ சட்டப்படி தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லாம மறைக்கிறதே குற்றம். 1098-க்குக் கூப்பிடலாம். "சபை பேர் கெட்டுடும்"னு யாராவது சொன்னா, அந்த லட்சம் ஆத்துமா டயலாக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்புறம், கள்ளப் போதகர்களை அம்பலப்படுத்துறேன்னு தினம் மூணு வீடியோ போடுற சேனல்கள் இருக்கு. எனக்கு அதுவும் ஒத்து வரல. அங்கயும் அதே கேள்விதான்: இவரை யார் கேள்வி கேக்கலாம்? கமெண்ட்ல மறுத்துப் பேசினா பிளாக் பண்றாங்களே.

அத்தை என்ன ஆனாங்கன்னு கேப்பீங்க. செயின் திரும்ப வரல, ஏலத்துக்குப் போயிடுச்சு. ஆனா எனக்கு வருத்தம் செயின் இல்ல. தேவனுக்குத் தன் மேல ஏதோ கோபம்னு நினைச்சு, அத்தை வாய்விட்டு ஜெபிக்கிறதை விட்டுட்டாங்க. பெண்கள் கூட்டத்துக்குப் போறதும் நின்னு போச்சு. எங்க ஊர்ச் சபைப் போதகரோட மனைவி ஒரு மூணு தடவை வீட்டுக்கு வந்தாங்க. யாரையும் திட்டல, என்னை மாதிரி கத்தல. காபி குடிச்சிட்டு, 2 கொரிந்தியர் 12-ஐ வாசிச்சுக் காட்டியிருக்காங்க. பவுல் தன் மாம்சத்துல இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூணு தடவை வேண்டியும் அது எடுக்கப்படல.

அன்னைக்கு ராத்திரி அத்தை எனக்கு போன் பண்ணாங்க. "எய்யா, பவுலுக்குக் கூட கேட்டது கிடைக்கலயாம. அப்ப அவருக்கும் விசுவாசம் பத்தலன்னா சொல்லுவாங்க?"

நான் அத்தை கேள்வி கேட்டு அதுவரைக்கும் கேட்டதே இல்ல.

அடுத்த வாரம், வேலை போனவங்க சபைல எதிர்கொள்ற விஷயங்களைப் பத்திப் பேசலாம். உங்க வாய்ஸ் மெசேஜ் வரட்டும். பேர் சொல்ல வேணாம்னா சொல்லுங்க, சொல்ல மாட்டேன். பாக்கலாம்.